பேசத் தெரிந்த பிள்ளை

2010 நவம்பர் 4 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு மருத்துவர் நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு கத்னா (விருத்தசேதனம்) செய்தார். கேட்டுக்கொண்டவர்கள் பையனின் பெற்றோர். அவர்களும் முஸ்லிம்கள், மருத்துவரும் முஸ்லிம். மரத்துப்போக ஊசி போட்டு, முன்தோலை நீக்கி, நான்கு தையல் போட்டார். அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்த்துவிட்டும் வந்தார். இரண்டு நாள் கழித்து ரத்தம் வரத் தொடங்கியது. தாய் அவனைப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். ரத்தம் நின்றது, பையன் தேறினான். ஆனால் சேதி அரசு வழக்கறிஞர்வரை எட்டி, உடற்காயம் விளைவித்ததாக மருத்துவர்மேல் வழக்குப் பதிவானது.

பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள், மருத்துவ முறைப்படி செய்யப்பட்டிருக்கிறது, சமயக் கடமையாகவும் இருக்கிறது என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் 2011இல் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2012 மே 7 அன்று கொலோன் மாவட்ட நீதிமன்றமும் அவரை விடுவிக்கத்தான் செய்தது. சொன்ன காரணம் மட்டும் தலைகீழாக இருந்தது. மருத்துவத் தேவை இல்லாமல் குழந்தையின் முன்தோலை வெட்டுவது சட்டப்படி உடற்காயமே என்றது நீதிமன்றம். அது உடலை நிரந்தரமாக, சரிசெய்ய முடியாதபடி மாற்றுகிறது. பெற்றோரின் சம்மதம் அதற்கு நியாயம் ஆகாது. பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பதால் பெற்றோரின் உரிமை ஒன்றும் அளவுமீறிக் குறைந்துவிடாது. சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததால், தான் செய்வது குற்றமென்று இந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதற்காகவே அவரை விட்டார்கள்.

ஜூன் கடைசியில் இது பத்திரிகையில் வந்ததும் ஜெர்மனி கொந்தளித்தது. பெர்லின் யூத மருத்துவமனை விருத்தசேதன அறுவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. யூத இனப்படுகொலைக்குப் பிறகு யூத வாழ்வின்மீது விழுந்த மிகப்பெரிய அடி இது என்றார் ஐரோப்பிய ரப்பிகள் (யூத மதகுருக்கள்) மாநாட்டின் தலைவர் பின்கஸ் கோல்ட்ஷ்மிட். செப்டம்பரில் பெர்லினில் யூதர்களும் முஸ்லிம்களும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். எதிர்த்தரப்பில் குழந்தை மருத்துவர்கள், குழந்தை உரிமை அமைப்புகள், சட்டப் பேராசிரியர்கள் சிலர். சமயச் சுதந்திரம், நாஜி வரலாறு, அரசியல் சாசனம் என்று பேச்சு விரிந்துகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தவன் நான்கு வயதுப் பையன். அவன் கைக்குழந்தையும் இல்லை, வளர்ந்தவனும் இல்லை. வலி தெரியும், பயம் தெரியும், வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். இந்த விவாதத்தில் என்னை மிகவும் உறுத்துவது, இரு தரப்பும் யூத வழக்கப்படி விருத்தசேதனம் செய்யப்படும் எட்டு நாள் குழந்தையைப் பற்றியும் பதினெட்டு வயது இளைஞனைப் பற்றியும் பேசிக்கொண்டே இந்தப் பையனைத் தாண்டிப் போய்விட்டதுதான்.

முதலில் உடலைப் பார்ப்போம். ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் முன்தோல் இரண்டாக மடிந்த ஒரு தோல். வெளிப்பக்கம் சாதாரணத் தோல், உட்பக்கம் வாயின் உள்பகுதிபோல ஈரமான சளிப்படலம். பிறந்த குழந்தைக்கு இந்த உட்பக்கமும் மொட்டும் நகமும் சதையும்போல ஒட்டியே இருக்கும். அது நோய் கிடையாது, வளர்ச்சியின் ஒரு கட்டம். 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற கேம்பிரிட்ஜ் குழந்தை மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இதை முதன்முதலில் கணக்கோடு சொன்னது. பிறந்த குழந்தைகளில் வெறும் 4 சதவீதத்தினருக்குத்தான் தோல் முழுக்கப் பின்னால் போகிறது, மற்றவர்களுக்கு நாளாக ஆகத் தானே பிரிகிறது என்று அவர் காட்டினார். பிரிவதற்கு அவர் நினைத்ததைவிட அதிக காலம் ஆகும் என்று பின்னாளில் டென்மார்க்கில் யாகோப் ஊஸ்டர் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சொன்னார். ஆறேழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தோல் இறுக்கம் இருந்தது. பதினாறு பதினேழு வயதில் அது நூற்றுக்கு ஒன்றாகிவிட்டது. ‘தோல் பின்னால் போகவில்லை, வெட்டிவிடலாம்’ என்று மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லப்படும்போது, பெரும்பாலும் காத்திருந்தாலே சரியாகிவிடும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நிஜமாகவே இறுக்கம் இருந்தால்கூட முதல் மருந்து ஸ்டீராய்டு களிம்பு.

கெய்ர்ட்னரின் கட்டுரைக்கு இன்னொரு பங்கும் உண்டு. அன்றைய இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 பேர் இந்த அறுவையால் இறக்கிறார்கள் என்று அதில் எழுதினார். அங்கே அப்போது அது சமயச் சடங்காக மட்டும் இருக்கவில்லை. வசதியான கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கமாகவும் இருந்தது. புதிதாகத் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவை அதற்குப் பணம் தர முன்வரவில்லை. ஒரு தலைமுறைக்குள் பிரிட்டனில் அந்த வழக்கம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

மருத்துவம் இந்தத் தோலைப் பற்றிச் சொன்ன காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1870இல் நியூயார்க் எலும்பு அறுவை மருத்துவர் லூயிஸ் சேயர், இதை வெட்டினால் பக்கவாதம் தீரும் என்று எழுதினார். சோளச் செதில் உணவுக்குப் பெயர்போன ஜான் ஹார்வி கெல்லாக், பையன்களின் சுயஇன்பப் பழக்கத்தை நிறுத்த மயக்க மருந்தில்லாமல் இதைச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு காலமும் தான் அதிகம் பயந்த ஒன்றை இந்தத் தோலின்மேல் ஏற்றிவைத்தது. அதனாலேயே இன்றைய காரணங்களும் பொய் என்று ஆகிவிடாது. அவற்றைத் தனியாக எடைபோட வேண்டும்.

இன்றைய காரணங்களில் வலுவானது எச்ஐவி. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரக்காய் ஆகிய மூன்று இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. முதலாவதன் முடிவு 2005இலும் மற்ற இரண்டின் முடிவுகள் 2007இலும் வெளியாகின. குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு அறுவை செய்தார்கள், மறுபாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்ஐவி தொற்றுவது பாதிக்கு மேல் குறைந்தது. முன்தோலின் உட்பக்கச் சளிப்படலத்தில் அந்த வைரஸ் எளிதில் பற்றிக்கொள்ளும் செல்கள் மேலாக இருப்பது ஒரு காரணம். 2007இல் உலகச் சுகாதார நிறுவனம், எச்ஐவி பரவல் அதிகமுள்ள கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. இது நல்ல அறிவியல், உயிர்காத்த அறிவியல்.

ஆனால் அந்த மூன்று ஆய்விலும் கலந்துகொண்டவர்கள் விளக்கம் கேட்டு, கையெழுத்துப் போட்டு, தாங்களே வந்தவர்கள். 2020இல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களையே முன்னிறுத்துகிறது. கைக்குழந்தைக்குப் பாலுறவுத் தொற்று அபாயம் இல்லை. அந்த அபாயம் வரும் வயதில் அவனே கேட்டு முடிவெடுக்கலாம். ஆரஞ்ச் ஃபார்ம் இளைஞர்களின் கையெழுத்தை எடுத்து இன்னொரு நாட்டுக் குழந்தையின் பெயரில் பற்று வைக்க முடியாது.

சிறுநீர்த் தொற்று விஷயம் வேறு. அது குழந்தைப் பருவத்திலேயே வருவதால் காத்திருக்கச் சொல்ல முடியாது. 2005இல் நான்கு லட்சம் குழந்தைகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிய ஓர் ஆய்வு, முன்தோலை நீக்கியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் குறைகிறது என்றது. கேட்டதும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஆரோக்கியமான ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அந்தத் தொற்று வருகிறது. எனவே ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்கு அறுவை செய்ய வேண்டும். அறுவையால் சிக்கல் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால், ஒரு குழந்தையை பெரும்பாலும் மருந்தால் தீரும் ஒரு தொற்றிலிருந்து காப்பாற்றும்போது இரண்டு குழந்தைகளுக்கு ரத்தக்கசிவோ புண்ணோ வருகிறது. அதே ஆய்வில், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பும் கோளாறு கடுமையாக உள்ள பிள்ளைகளில் நான்கு பேருக்குச் செய்தாலே ஒரு தொற்று தடுக்கப்படுகிறது. அவர்களுக்கு அது வைத்தியம். அந்தப் பெற்றோரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இதே தரவுகளைப் பார்த்து மருத்துவச் சங்கங்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், நன்மை அபாயத்தைவிடக் கூடுதல், ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவெடுக்கட்டும் என்றது. அடுத்த ஆண்டே ஐரோப்பா, கனடா மருத்துவர்கள் முப்பத்தெட்டுப் பேர், அமெரிக்காவில் அது ஊறிப்போன வழக்கம் என்பதால்தான் இப்படித் தெரிகிறது என்று மறுத்து எழுதினார்கள். ஐரோப்பாவின் பார்வைக்கும் அதன் ஊர்வழக்கம் காரணமாக இருக்கலாமே என்று அமெரிக்கக் குழு பதில் சொன்னது. அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது. பயன், அபாயம் இரண்டும் சிறியவையாக இருக்கும்போது தராசின் எந்தத் தட்டில் பழக்கம் உட்கார்ந்திருக்கிறதோ அது தாழ்ந்துவிடுகிறது.

வலியைப் பற்றி இன்று இப்படி இரண்டு கருத்து இல்லை. 1980கள் வரையில்கூடப் பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். முழு அறுவைச் சிகிச்சைகளே போதுமான வலிநீக்கம் இல்லாமல் நடந்தன. 1987இல் ஆனந்த், ஹிக்கி இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரை அதைப் புரட்டிப்போட்டது. பிறந்த குழந்தையின் நரம்புகள் வலியை எடுத்துச் செல்கின்றன, உடலின் அழுத்த ஹார்மோன்கள் ஏறுகின்றன, இதயம் படபடக்கிறது. அதன் பத்தாவது ஆண்டில் வந்த ஒரு ஆய்வில், விருத்தசேதனத்தின்போது எந்த வலிநீக்கமும் தரப்படாத குழந்தைகளின் நிலைமையைக் கண்டு அந்தப் பிரிவை ஆய்வாளர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே 1997இல் கனடாவில் அனா டாடியோவின் குழு இன்னொன்றைக் கண்டது. அறுவைக்கு உள்ளான பையன்கள், நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள். நினைவில் நிற்காத வலி உடம்பில் நிற்கிறது. ஒட்டியிருக்கும் இரண்டு படலங்களைப் பிரித்த பிறகே வெட்ட முடியும் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இன்று ஆண்குறியின் அடியைச் சுற்றி மரப்பு ஊசி போடும் முறை எளிதாகக் கிடைக்கிறது. அது தெரிந்த பிறகும் சர்க்கரைத் துணியையோ ஒயின் நனைத்த துணியையோ வாயில் வைத்துவிட்டு வெட்டுவதற்கு எந்தச் சமயத்தின் பெயராலும் நியாயம் சொல்ல முடியாது.

சமயங்கள் இந்த விஷயத்தில் பிள்ளையின் உடம்பை எண்ணிப் பார்த்ததே இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. யூதர்களின் தால்முத் நூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விதியைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு தாயின் இரண்டு ஆண் குழந்தைகள் விருத்தசேதனத்தால் ரத்தம் பெருகி இறந்துபோயிருந்தால் மூன்றாவது குழந்தைக்கு அதைச் செய்யக்கூடாது. மூன்று பேர் இறந்த பிறகே நான்காவதை விட வேண்டும் என்று இன்னொரு ரப்பி வாதிட்டார். அந்தப் பகுதியிலேயே நான்கு சகோதரிகளின் கதையும் வருகிறது. முதல் மூவரின் மகன்கள் அடுத்தடுத்து இறந்ததால் நான்காவது சகோதரி தன் மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ், அதே பெண் இன்னொருவரை மணந்து பெற்ற மகனுக்கும் இந்த விலக்கு பொருந்தும் என்றார்.

இன்றைக்கு நாம் ஹீமோஃபீலியா என்று சொல்லும் நோய் இது. ரத்தம் உறைவதற்கான புரதத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பழுதான மரபணுவைத் தாய் சுமக்கிறாள், மகனுக்கு நோய் வருகிறது. அவளுடைய சகோதரிகளும் அதைச் சுமக்கலாம். தந்தை மாறினாலும் அபாயம் மாறாது. மரபணு என்ற கருத்தே இல்லாத காலத்தில், நோய் தாய்வழி வருகிறது என்பதைக் கவனித்து, ஆபிரகாமின் உடன்படிக்கை என்று தாங்கள் கொண்டாடிய சடங்கையே அந்தப் பிள்ளைக்காக நிறுத்திவைத்தார்கள். மருத்துவ வரலாற்றில் மிகப் பழைய மரபியல் அவதானிப்புகளுள் ஒன்று இது. சடங்கைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது என்ற தீர்மானம் சமயத்துக்கு வெளியேயிருந்து வந்து சேரவில்லை.

அப்படியானால் கொலோன் நீதிமன்றம் சொன்னதைச் சட்டமாக்கித் தடைசெய்துவிடலாமா?

நீதிமன்றத்தின் தர்க்கத்தில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. ஆரோக்கியமான உடம்பிலிருந்து திரும்ப முளைக்காத ஒரு பாகத்தை, அந்த உடம்புக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் எடுப்பது தவறு. பிறகு அவர் மகிழ்ச்சியாக இருக்கலாம். கோடிக்கணக்கான ஆண்கள் எந்தக் குறையும் இல்லாமல்தான் வாழ்கிறார்கள். வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. ஆனாலும் தவறு ஒன்றைக் குற்றமாக்கும் சட்டம் அந்தத் தவறைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

கி.மு. 167இல் செலூசிட் அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூதேயாவில் இதைத் தடைசெய்தான். மீறிய தாய்மார்கள் கொல்லப்பட்டதை மக்கபேயர் நூல் சொல்கிறது. கிளர்ச்சி வெடித்தது, சடங்கு முன்னைவிட உறுதியானது. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துத் தடையைப் பின்னால் வந்த அந்தோனினஸ் பயஸ், யூதர்கள் தங்கள் சொந்த மகன்களுக்குச் செய்துகொள்ளலாம் என்று தளர்த்த வேண்டியிருந்தது. 1980களில் பல்கேரிய அரசு, துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களை வலுக்கட்டாயமாக மாற்றியபோது கத்னாவையும் தடைசெய்தது. பிள்ளைகளின் நலனுக்காக அப்படிச் செய்ததாக இன்று யாரும் நம்புவதில்லை. இந்தத் தடைகளின் நினைவைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு சமூகத்திடம், அதிலும் பெர்லினில், ‘உங்கள் குழந்தையின் நன்மைக்காக’ என்று அரசு பேசினால் அது எப்படிக் காதில் விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நடைமுறைக் காரணம் இன்னும் கனமானது. தடைசெய்தால் நின்றுவிடும் என்று மருத்துவர்களே பலர் நம்புவதில்லை. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல் இந்த வழக்கத்துக்கு எதிராக மிகக் கடுமையாக எழுதியது. பெற்றோரைத் தடுத்துப் பேசுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் சட்டத்தடை வேண்டாம் என்றும் அதே அறிக்கையில் சொன்னது, அறுவை மருத்துவரின் கையிலிருந்து மறைவிடங்களுக்குப் போய்விடும் என்ற பயத்தால். ரத்தம் கசியும் பிள்ளையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும் என்று ஒரு தாய் நினைத்தால், அவள் வீட்டிலேயே காத்திருப்பாள். கொலோன் பையன் பிழைத்ததற்குக் காரணம் அவன் தாய் தயங்காமல் மருத்துவமனைக்குப் போனதுதான். ஐஸ்லாந்தில் 2018இல், பெண்களின் உறுப்பை வெட்டுவதற்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பெண் குழந்தை’ என்பதைக் ‘குழந்தை’ என்று மாற்றி ஆறு ஆண்டுவரை சிறை விதிக்க ஒரு மசோதா வந்தது. நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் ஆதரித்தார்கள். ஆனாலும் அது நிறைவேறவில்லை.

ஒரு வழக்கம் தானாகவே தேயும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தென்கொரியாவில் 1950களுக்குப் பிறகு அமெரிக்கச் செல்வாக்கால் எந்தச் சமயத் தொடர்பும் இல்லாமல் பெரும்பாலான பையன்களுக்கு இது செய்யப்பட்டது. பின்னர் இணையத்திலும் மருத்துவர்கள் மூலமும் உண்மை பரவியது. 14 முதல் 16 வயதுப் பையன்களில் 88 சதவீதமாக இருந்தது, ஏறத்தாழ பத்தே ஆண்டுகளில் 56 சதவீதமாக இறங்கியது. சட்டம் எதுவும் வரவில்லை. அங்கே சமயம் இல்லை என்பதால் எளிதாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜெர்மன் நாடாளுமன்றம் 2012 டிசம்பர் 12 அன்று 434 பேர் ஆதரவும் 100 பேர் எதிர்ப்பும் 46 பேர் நடுநிலையுமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மருத்துவ விதிமுறைகளின்படி செய்யப்பட்டால் மகனின் விருத்தசேதனத்துக்குப் பெற்றோர் சம்மதிக்கலாம்; குழந்தையின் நலனுக்கு ஆபத்தென்றால் முடியாது. முதல் ஆறு மாதங்களில், சமயச் சமூகம் நியமித்த, பயிற்சி பெற்ற ஒருவரும் செய்யலாம். யூதர்களின் மோகெல்களுக்கான ஏற்பாடு இது. எதிரணியில் ஒரு குழுவினர் மாற்று மசோதா கொண்டுவந்தார்கள். பையனுக்கு 14 வயது ஆகி, அவனே சம்மதித்தால் மட்டுமே செய்யலாம் என்றது அது. தோற்றுப்போனது.

நான்கு வயதுப் பையன் தொடங்கிவைத்த விவாதத்தின் முடிவில் வந்த சட்டத்தில் நான்கு வயதுப் பையனுக்கென்று ஒரு வரி இல்லை. கைக்குழந்தைக்கு விதி இருக்கிறது. அதற்கு மேற்பட்டவன் பெற்றோரின் கையில். மருத்துவக் கணக்கோ நேரெதிராகப் பேசுகிறது. 2010இல் ஹெலன் வெய்ஸ் குழு உலகெங்குமிருந்து திரட்டிய ஆய்வுகளில், கைக்குழந்தைகளுக்குச் சிக்கல் வருவது சராசரியாக 1.5 சதவீதம், வளர்ந்த பையன்களுக்கு 6 சதவீதம். அமெரிக்கத் தரவுகளைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒரு வயது முதல் ஒன்பது வயதுவரை செய்தால் பிறந்த குழந்தையைவிட ஏறத்தாழ இருபது மடங்கு அதிகம். நினைவும் அந்த வயதில்தான் தங்குகிறது. எட்டு நாள் குழந்தையைப் போல மறக்கவும் முடியாமல், பதினெட்டு வயதுக்காரனைப் போல மறுக்கவும் முடியாமல் மாட்டிக்கொள்பவன் இவன்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் உலகம் வேறு முடிவுக்கு வந்துவிட்டது. எந்த அளவிலும் கூடாது என்பதே அது. பெண் உறுப்பை வெட்டும் கொடுமையின் பெரும் வடிவங்களை முன்தோல் நீக்கத்தோடு ஒப்பிடுவது அநியாயம். அவை பிரசவத்தில் உயிரைப் பறிக்கின்றன. பெண்ணின் இன்பத்தையும் விருப்பத்தையும் ஒடுக்குவதற்கென்றே செய்யப்படுகின்றன. ஆனால் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்திலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் நடக்கும் சிறு கீறல் போன்ற வடிவங்களும் பல நாட்டுச் சட்டங்களின் கண்ணில் தவறுதான். இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி அதைத் தடுத்தது. இங்கிலாந்தில் 2015இல் நீதிபதி ஜேம்ஸ் மன்பி இந்த முரண்பாட்டை நேராகவே எழுதினார். பெண் குழந்தைக்குச் செய்யும் மிகச் சிறிய வடிவமும் ‘கணிசமான தீங்கு’ என்றால், அதைவிட அதிகம் வெட்டப்படும் ஆண் குழந்தையின் விருத்தசேதனமும் கணிசமான தீங்கே. ஆனாலும் நியாயமான பெற்றோர் செய்யும் காரியமாகச் சமூகம் இரண்டாவதை ஏற்கிறது, முதலாவதை ஏற்பதில்லை. நேர்மையான வாசகம். ஆனால் சமூகம் ஏற்கிறது என்பது பையனுக்குச் சொல்லும் பதிலாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் இது சுன்னத் கல்யாணம், மார்க்கக் கல்யாணம். புதுச் சட்டை, மாலை, சொந்தபந்தம், விருந்து. ஒரு காலத்தில் ஒஸ்தா என்று அழைக்கப்பட்டவர் வீட்டுக்கு வந்து செய்தார். இப்போது மருத்துவமனையில் செய்கிறார்கள்; கோடை விடுமுறையில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இலவச கத்னா முகாம்களிலும் நடக்கிறது. மருத்துவர் கைக்கு மாறியது பெரிய முன்னேற்றம். ஆனால் விடுமுறையில் நடப்பதற்குக் காரணமே பையன் பள்ளிக்குப் போகிறவனாக இருப்பதுதான். ஆக, மேலே சொன்ன வயது நம்முடைய வயதும்கூட.

மார்க்கத்துக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறது. குர்ஆனில் கத்னா பற்றிய வசனம் இல்லை. ஹதீஸ்களிலிருந்து வந்த வழக்கம் அது. ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) அது சுன்னத், அதாவது நபிவழி. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் அது கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயம் பருவம் அடைந்த பிறகே ஒருவர்மேல் விழுகிறது. அதற்கு முன் செய்வது விரும்பத்தக்கது மட்டுமே. யூதர்களுக்கு எட்டாம் நாள் என்ற நிலையான நாள் உண்டு, அதைத் தள்ளிப்போடு என்பது சடங்கையே கைவிடு என்பதற்குச் சமம். முஸ்லிம் குடும்பத்துக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கேட்டுச் செய்வதால் எந்தக் கடமையும் தவறிப்போவதில்லை. பெரியவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. வெளியிலிருந்து ஒருவர் கட்டளையிட முடியாது, ஆனால் கேட்கலாம் என்று நம்புகிறேன்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஆண் பெண் என்று தெளிவாகப் பிரியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலின ‘சரிசெய்யும்’ அறுவை செய்யக்கூடாது என்றது. பெற்றோரின் சம்மதத்தைப் பிள்ளையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிராபத்து உள்ள நேரம் தவிர அத்தகைய அறுவைகளைத் தடைசெய்து தமிழக அரசு ஆணையிட்டது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அதுவரை செய்யாதது. அந்தப் பெற்றோரும் பிள்ளைமேல் அன்பு வைத்தவர்கள்தான். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவர்கள்தான். ஆணை மருத்துவமனைகளை நோக்கிப் பேசியது, பெற்றோரைக் குற்றவாளி ஆக்கவில்லை. கத்னாவுக்கும் அதற்கும் வித்தியாசங்கள் நிறைய. கேரள உயர் நீதிமன்றம் 2023இல், பிள்ளைகளின் கத்னாவைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கக் கோரிய பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது தன் வேலை இல்லை என்றது. அது சரியே. ஆனால் ‘பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது’ என்ற வாக்கியம் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அது ஒரு வகைப் பிள்ளைகளோடு நின்றுவிடாது.

ஆகவே நான் தடையைக் கேட்கவில்லை. கைக்குழந்தைக்குச் செய்வதானால் மரப்பு ஊசியும் பயிற்சி பெற்ற கையும் கட்டாயம் ஆகட்டும். ஸ்வீடன் 2001இலேயே அப்படிச் சட்டம் போட்டது. குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருக்கிறதா என்ற கேள்வி ஒவ்வொரு படிவத்திலும் இருக்கட்டும். தால்முத் கேட்ட கேள்வியைக் கேட்க நமக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. நியூயார்க்கில் சில அதிதீவிர மரபுக் குழுவினர் வெட்டிய இடத்தை மோகெல் வாயால் உறிஞ்சும் பழைய முறையைக் கைவிடாததால், 2000 முதல் 2011வரை 11 குழந்தைகளுக்கு ஹெர்பீஸ் தொற்றியது. இருவர் இறந்தார்கள். மோகெல்கள் பலர் நீண்ட காலமாகவே கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். இதுபோன்ற இடங்களில் அரசு கண்டிப்பாகத் தலையிட வேண்டும். கைக்குழந்தையின் உரிமையும் இதில் மீறப்படுகிறது என்றே நினைக்கிறேன். அதைச் சிறைத் தண்டனையால் காப்பாற்ற முடியாது என்பதால் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். கொள்கையளவில் இது முழுமையான விடை ஆகாது.

ஆனால் பேசத் தெரிந்த பிள்ளை விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் ஒவ்வொரு பையனுக்கும், அவன் வயதையும் பக்குவத்தையும் பொறுத்து, விருத்தசேதனத்தை மறுக்கும் உரிமையைத் தருகிறது. ஜெர்மன் சட்டம் எழுதாமல் விட்டதை 2013 ஆகஸ்டில் ஹாம் நகர மேல்நீதிமன்றம் எழுதியது. கென்யாவில் பிறந்து ஜெர்மனியில் வாழும் ஒரு தாய், தன் ஊர் வழக்கப்படி ஆறு வயது மகனுக்குச் செய்ய விரும்பினார். தந்தை பிரிந்துவிட்டார். புதிய சட்டம் தாய்க்குச் சாதகமாகவே இருந்தது. நீதிமன்றம் அனுமதி மறுத்தது. தாயோ மருத்துவரோ இதைப் பற்றிப் பையனிடம் அவன் வயதுக்கு ஏற்றபடி பேசவில்லை, அவன் விருப்பத்தைக் கேட்கவில்லை, அறுவையின்போது அவனோடு இருக்கவும் தாயால் முடியாது என்பவை காரணங்கள். எந்தச் சமயத்தையும் அந்தத் தீர்ப்பு குற்றம் சொல்லவில்லை. அடுத்த கோடையில் முகாம் நடத்தும் மருத்துவர் ஒருவர், மரப்பு ஊசியை எடுக்கும் முன் பையனைத் தனியாக உட்காரவைத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, ‘உனக்குச் சம்மதமா தம்பி?’ என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். அதற்கு எந்த நாடாளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.